கண்ணை எடுத்துவிட்டால் நோய் நின்றுவிடுமா?

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

எனக்கு 54 வயது. தென்மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர். கணவர் இல்லை. வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்துப் பிழைக்கிறேன். 8 வருடங்களுக்கு முன் இடது மார்பில் புற்றுநோய் வந்து, மார்பை எடுத்தார்கள். கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு) எல்லாம் முடித்து, டமாக்ஸிஃபென் மாத்திரை 5 வருடம் சாப்பிட்டேன். போதும் என்று டாக்டரே நிறுத்தினார். நல்லாகிவிட்டது என்றுதான் இருந்தேன்.

போன வருடக் கடைசியில் ஊசியில் நூல் கோக்கும்போது ஊசிக் காது இரண்டாகத் தெரிந்தது. கண்ணாடியை இரண்டு தடவை மாற்றிப் பார்த்தேன், சரியாகவில்லை. பிறகு இடது இமை இறங்கியது, இடது கண் உள்ளே போன மாதிரி ஆனது. ஒரு கண் மருத்துவமனையில் வயதுக்கு அப்படித்தான் இருக்கும் என்றார்கள். வேறு இடத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்து, கண்ணுக்குப் பின்னால் சதை எடுத்துச் சோதித்ததில், பழைய மார்பகப் புற்றுதான் கண்குழிக்கு வந்திருக்கிறது என்று தெரிந்தது. லோபுலர் வகை (பால் சுரக்கும் பகுதியில் தொடங்குவது), ஈஆர் பாசிட்டிவ் (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனால் வளர்வது), ஹெர்-2 நெகட்டிவ் (ஹெர்-2 என்ற புரதம் மிகையாக இல்லாதது) என்று எழுதியிருக்கிறது. பெட் ஸ்கேனில் முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் இரண்டு இடத்தில் இருக்கிறதாம். மூளையில் ஒன்றும் இல்லை.

கண்குழிக்கு 10 நாள் கரண்ட், பிறகு லெட்ரோசோல், ரிபோசிக்ளிப் மாத்திரைகள், எலும்புக்கு ஊசி என்று சொல்லியிருக்கிறார்கள். என் அண்ணன், "கண் போனால் போகட்டும், மூளைக்கு ஏறுவதற்குள் கண்ணையே எடுத்துவிடலாம்" என்கிறார். சித்த மருந்து ஒன்றும் வாங்கி வந்திருக்கிறார். மகன் தோட்டத்து நிலத்தை விற்கலாம் என்கிறான். மருமகள் ஆறு மாதக் கர்ப்பம், கரண்ட் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போகலாமா? மாத்திரையை 5 வருடத்தில் நிறுத்தியது என் தப்பா? மூன்று வாரமாக ஒன்றும் முடிவெடுக்காமல் இருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஊசிக் காது இரண்டாகத் தெரிந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, எங்கள் பாடப்புத்தகம் இரட்டைப் பார்வை என்று சொல்வதை இதைவிடத் தெளிவாக ஒரு நோயாளி சொல்லி நான் கேட்டதில்லை. உங்கள் ஸ்கேன்களை நான் பார்க்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அறிக்கை வரிகள் தெளிவாக இருக்கின்றன. அவற்றை வைத்து முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கண்ணை எடுக்க வேண்டாம். உங்கள் மருத்துவமனை சொன்ன சிகிச்சை சரியான பாதை. மூன்று வாரம் போய்விட்டது, நான்காவது வாரத்தையும் விட்டுவிடாதீர்கள்.

இது கண்ணில் பிறந்த நோய் அல்ல

உங்களுக்குக் கண் புற்றுநோய் என்று புதிதாக ஒன்று வரவில்லை. 8 வருடங்களுக்கு முன் மார்பில் இருந்த அதே செல்களில் சில, அப்போதே ரத்தத்தில் கலந்து, எங்கோ ஒடுங்கிக் கிடந்து இப்போது கண்குழியில் தலைகாட்டியிருக்கின்றன. பெரியவர்களுக்குக் கண்குழிக்குப் பரவும் புற்றுகளில் முதலிடம் மார்பகப் புற்றுக்குத்தான். அதிலும் லோபுலர் வகைக்கு ஒரு குணம் உண்டு. மற்ற வகைச் செல்கள் கட்டியாகத் திரளும். இவற்றுக்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள உதவும் புரதம் இல்லாததால், ஒற்றை வரிசையாக எறும்பு போல ஊர்ந்து போகும். குடல், சூலகம், கண்குழி என்று எதிர்பாராத இடங்களில் போய் உட்காரும்.

கண்குழியில் கட்டி வந்தால் கண் வெளியே பிதுங்க வேண்டும், உங்களுக்கு ஏன் உள்ளே போனது? நீங்கள் தையல்காரர், உடனே புரிந்துகொள்வீர்கள். பாவாடைக்குச் சுருக்கு வைக்கும்போது ஓட்டுத் தையல் போட்டு நூலை இழுத்தால் துணி முழுவதும் சுருங்கி வருகிறதல்லவா? இந்த வகைப் புற்று தன்னைச் சுற்றி நார்த்திசுவை உண்டாக்கும். அந்த நார் சுருங்கும்போது கண்ணுக்குப் பின்னாலுள்ள கொழுப்பையும் தசையையும் சேர்த்து இழுக்கும். கண் உள்வாங்கும், சரியாகத் திரும்பாது, இரண்டாகத் தெரியும். மார்பகப் புற்று வந்த ஒருவருக்கு ஒரு பக்கக் கண் மட்டும் உள்ளே போனால் அதை வயதின் கணக்கில் எழுதக் கூடாது. உங்களை முதலில் பார்த்தவர் பழைய நோயைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். இதைப் படிக்கிறவர்களில் மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை எடுத்தவர்கள் இருந்தால், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் சரி, எந்த மருத்துவரிடம் எதற்காகப் போனாலும் அந்தப் பழைய கதையை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

டமாக்ஸிஃபெனை 5 வருடத்தில் நிறுத்தியது உங்கள் தப்பில்லை. 5 வருடம் என்பது பலருக்கும் கொடுக்கப்படும் முறையான காலம்தான். 10 வருடம் தொடர்ந்தால் கொஞ்சம் கூடுதல் பலன் உண்டு என்று 2013-ல் வந்த அட்லஸ் ஆய்வு காட்டியது. அதிலும் அடுத்த பத்தாண்டுகளில் நோய் திரும்பியவர்கள், 5 வருடத்தில் நிறுத்தியவர்களில் 100-க்கு ஏறக்குறைய 25 பேர், தொடர்ந்தவர்களில் ஏறக்குறைய 21 பேர். அதாவது திரும்பிய அந்த 25 பேரில் பெரும்பாலோருக்கு, தொடர்ந்திருந்தாலும் திரும்பித்தான் இருக்கும். ஈஆர் பாசிட்டிவ் நோய் 20 வருடம் கழித்தும் திரும்பக்கூடியது. இதில் நீங்கள் சுமக்க வேண்டிய பழி எதுவுமில்லை.

அண்ணன் சொல்வதைப் பற்றி

உங்கள் அண்ணன் பயத்தில் பேசுகிறார், பாசத்தில்தான் பேசுகிறார். "மூளைக்கு ஏறுவதற்குள்" என்ற சொல்லில் ஒரு படம் இருக்கிறது: நோய் கண்ணில் தொடங்கி அங்கிருந்து படியேறி மூளைக்குப் போகும் என்று. அப்படி நடப்பதில்லை. இது ரத்தத்தின் வழியாக வந்த நோய், எலும்பிலும் இருக்கிறது. கண்ணை எடுத்தால் கண்ணுக்குப் பின்னாலிருக்கும் பங்கு மட்டும் போகும், எலும்பில் இருப்பது அப்படியே இருக்கும், ஆயுள் ஒரு நாள்கூட நீளாது. பார்வையும் போய், முகமும் மாறி, காயம் ஆறும்வரை உண்மையான மருந்தும் தள்ளிப்போகும். மற்ற எதற்கும் அடங்காத வலியோ புண்ணோ வந்தவர்களுக்கு மட்டும் மிக அரிதாக அந்த அறுவை சிகிச்சை செய்வதுண்டு. உங்கள் நிலை அது இல்லை. இந்தப் பத்தியை அண்ணனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அவரையும் கூட்டிப் போங்கள், அவருடைய கேள்வியை அவரே கேட்கட்டும்.

சித்த மருந்தைப் பற்றி என் கருத்தைக் கேட்டால், இப்போது வேண்டாம். சித்த மருத்துவத்தின் மேல் எனக்குப் பகை இல்லை. ரிபோசிக்ளிப்பும் அதே வகையைச் சேர்ந்த பால்போசிக்ளிப்பும் ஈரலில் கரையும் மருந்துகள். கூடவே சாப்பிடும் மூலிகையோ பற்பமோ அவற்றின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடலாம், இறக்கிவிடலாம். பம்பளிமாஸ் பழம்கூட அந்த வேலையைச் செய்யும், அதையும் தவிர்த்துவிடுங்கள். அண்ணன் வாங்கி வந்த புட்டியைத் தூக்கி எறிய வேண்டாம், டாக்டரிடம் எடுத்துப் போய்க் காட்டுங்கள். மறைத்துச் சாப்பிடுவதுதான் ஆபத்து.

கரண்ட் வைப்பது எப்படி நடக்கும்

கண்ணுக்குக் கரண்ட் என்றதும் கண் பொசுங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். முதல் நாள் ஒரு முகமூடி செய்வார்கள். சல்லடை போல ஓட்டையுள்ள வெள்ளைத் தகடு, வெந்நீர்த் தொட்டியில் போட்டால் தோசை மாவு மாதிரி இளகும். அதை எடுத்து ஈரத்தை ஒற்றி முகத்தின் மேல் விரித்து அழுத்துவார்கள். வெதுவெதுப்பாக இருக்கும், சுடாது. மூச்சு தடையில்லாமல் விடலாம். சில நிமிடங்களில் உங்கள் மூக்கு, நெற்றி, தாடை அளவுக்கு அப்படியே இறுகிவிடும். துணிக்குப் பதில் தகட்டில் உங்கள் முகத்துக்கு அளவெடுத்துத் தைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் அதே முகமூடியை மாட்டுவதால் தலை அசையாது, கதிர் குறித்த இடத்தில் மட்டும் விழும். அடைபட்டது போலப் பயமாக இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், முதல் நாள் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

பிறகு திங்கள் முதல் வெள்ளி வரை, தினமும் சில நிமிடம். வலி இல்லை, பக்கத்து அறையிலிருந்து உங்களைக் கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். 10 நாள் என்றால் மொத்தம் 30 கிரே (கதிரை அளக்கும் அலகு) வழக்கம். விழித்திரையும் பார்வை நரம்பும் கெடும் பயம் பெரும்பாலும் 50 கிரேக்கு மேல்தான் வருகிறது. மார்புக்கு முன்பு வைத்த கரண்ட் இதற்குத் தடையில்லை, அது வேறு இடம். பத்தில் ஆறு முதல் எட்டுப் பேருக்குக் கண்குழித் தொந்தரவு குறைகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. பலன் கடைசி நாளில் தெரியாது, சில வாரங்கள் ஆகும்.

தொந்தரவே இல்லை என்று சொல்ல மாட்டேன். கண் சிவக்கும், உறுத்தும், இமை முடி கொஞ்சம் உதிரலாம், கண்ணீர் வறண்டு போகலாம். சொட்டு மருந்து நீண்ட நாள் தேவைப்படும். சில வருடங்களில் அந்தக் கண்ணில் புரை வரலாம், வந்தால் மற்றவர்களுக்குச் செய்வது போலவே அறுவை செய்துகொள்ளலாம். வீக்கம் குறைய டெக்ஸாமெத்தசோன் மாத்திரை கொடுத்தால் அந்த நாட்களில் சர்க்கரை ஏறும். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நோய் அடங்கினாலும் உள்ளே போன கண் முழுதாகப் பழைய இடத்துக்கு வராமல் போகலாம். நோய் ஒடுங்கினாலும் இழுத்த நார் அங்கேயே இருக்கும். கண்ணாடியில் பார்த்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். நிலைமை ஆறு மாதம் போல மாறாமல் நின்ற பிறகு, இமையைத் தூக்கவும் கண்ணை நேராக்கவும் கண் மருத்துவர்களிடம் வழிகள் உண்டு.

நோயைப் பிடித்து வைப்பது மாத்திரைதான்

கரண்ட் கண்ணைக் காப்பாற்றும். உடம்பு முழுவதும் காவல் காப்பது மாத்திரை. லெட்ரோசோல் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியை அடைக்கும். ரிபோசிக்ளிப் செல் பிரிவதை நிறுத்தி வைக்கும். மாதவிலக்கு நின்ற, உங்களைப் போன்ற நோயுள்ள 668 பெண்களிடம் நடந்த மோனலீசா-2 ஆய்வின் இறுதி முடிவு 2022-ல் வந்தது. இரண்டும் சேர்த்து எடுத்தவர்களில் பாதிப் பேர் 63.9 மாதங்களைத் தாண்டி வாழ்ந்தார்கள். லெட்ரோசோல் மட்டும் எடுத்தவர்களில் அது 51.4 மாதம். பாதிப் பேர் அதைத் தாண்டினார்கள் என்பதைக் கவனியுங்கள், 63.9 என்பது யாருக்கும் குறித்த தேதி இல்லை. உங்களுக்கு எத்தனை வருடம் என்று என்னாலோ வேறு எவராலோ சொல்ல முடியாது.

இது 4-ஆம் நிலை. வேரோடு போய்விடும் என்று சொன்னால் நான் உங்களை ஏமாற்றுகிறேன். சர்க்கரை நோயைப் போலத் தொடர்ந்து மருந்தில் வைத்துக்கொண்டு, தையல் இயந்திரத்தில் உட்கார்ந்து, பேரக்குழந்தையைத் தூக்கி நாட்களைக் கழிக்கும் பெண்கள் எங்கள் வெளிநோயாளிப் பிரிவில் மாதந்தோறும் வரிசையில் நிற்கிறார்கள். ஒரு மருந்து கேட்காமல் போனால் அடுத்தது இருக்கிறது. கீமோவை அதுவரை தள்ளிவைக்கலாம்.

ரிபோசிக்ளிப் 21 நாள் சாப்பிட்டு 7 நாள் நிறுத்த வேண்டும். வெள்ளணு குறையும், அதனால் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. இதயத் துடிப்பின் தாளத்தை மாற்றக்கூடியது என்பதால் தொடக்கத்தில் ஈ.சி.ஜி. எடுப்பார்கள். கரண்ட் நாட்களில் இதை நிறுத்தி வைத்துப் பிறகு தொடங்குவது பல மருத்துவர்களின் வழக்கம், லெட்ரோசோலை உடனே தொடங்கலாம். மூட்டு வலி வரும், காலையில் விரல் மடக்கச் சிரமமாக இருக்கும். கத்தரிக்கோல் பிடிக்கும் கைக்கு அது பெரிய விஷயம், பொறுத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லுங்கள். எலும்பு ஊசி போடுவதற்கு முன் பல் மருத்துவரிடம் ஒரு முறை காட்டி, பிடுங்க வேண்டிய பல் இருந்தால் முதலில் பிடுங்கிவிடுங்கள். ஊசி தொடங்கிய பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு.

நிலத்தை விற்பதற்கு முன்

மகனிடம் சொல்லுங்கள், பத்திரத்தை எடுக்கும் முன் மூன்று கதவுகளைத் தட்டட்டும். முதலாவது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் வேண்டும். கரண்ட் சிகிச்சை அதில் வருகிறது. எந்த மாத்திரை வரும், எது வராது என்பதை மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுத் திட்ட அலுவலரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, மருந்தின் பெயர். ரிபோசிக்ளிப்புக்குப் பணம் எட்டவில்லை என்றால் மருந்தே வேண்டாம் என்று வந்துவிடாதீர்கள். அதே வகையைச் சேர்ந்த பால்போசிக்ளிப்பின் இந்தியக் காப்புரிமை 2023 ஜனவரியில் முடிந்தது. அதன் பிறகு பல இந்திய நிறுவனங்கள் தயாரிப்பதால் விலை பெரிதும் இறங்கிவிட்டது. இரண்டும் நோயை நீண்ட நாள் பிடித்து வைக்கின்றன. ஆயுளைக் கூட்டியதற்கான சான்று, லெட்ரோசோலோடு முதல் மருந்தாகக் கொடுத்த ஆய்வுகளில், ரிபோசிக்ளிப்புக்கு மட்டுமே தெளிவாக இருக்கிறது. பணம் ஒரு பொருட்டில்லை என்றால் நானும் ரிபோசிக்ளிப்பைத்தான் எழுதுவேன். ஆறு மாதம் வாங்கிவிட்டு ஏழாவது மாதம் நிறுத்துவதைவிட, தொடர்ந்து வாங்க முடிகிற பால்போசிக்ளிப் மேல். நிறுவனங்களின் நோயாளி உதவித் திட்டம் இருக்கிறதா என்றும் டாக்டரிடம் கேளுங்கள், கேட்டவர்களுக்குத்தான் கிடைக்கிறது.

மூன்றாவது, ரயில் சலுகை. சிகிச்சைக்குப் போய்வரும் புற்றுநோயாளிகளுக்கு ரயில்வே கட்டணச் சலுகை தருகிறது. மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கினால் போதும்.

இரண்டாவது கருத்துக் கேட்பதும் உங்கள் உரிமை, எந்த டாக்டரும் அதற்காகக் கோபிக்கக் கூடாது. எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளின் நகலைத் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ நடத்தை விதிகள் சொல்கின்றன. கண்குழியில் எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் துண்டையும் கேட்டு வாங்கி வையுங்கள். ஆனால் கரண்டைத் தொடங்கிக்கொண்டே இரண்டாவது கருத்தைக் கேளுங்கள்.

மருமகள், மகள்

வெளியிலிருந்து வைக்கும் கரண்ட் உடம்பில் தங்காது. விளக்கை அணைத்தால் வெளிச்சம் போய்விடுவது போல, இயந்திரம் நின்றதும் முடிந்தது. அன்று மாலையே மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து தலை பின்னிவிடலாம். பெட் ஸ்கேன் மட்டும் வேறு. அதற்கு ஊசியில் கதிரியக்கப் பொருள் போடுவதால், அன்று சில மணி நேரம் கர்ப்பிணியிடமிருந்தும் கைக்குழந்தையிடமிருந்தும் விலகியிருக்க வேண்டும். இனி அடுத்த ஸ்கேன் எடுக்கும் நாளில் இதை நினைவில் வையுங்கள். உங்கள் மாத்திரைகளை மருமகள் எடுத்துக் கொடுக்க வேண்டாம், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு முதலில் நோய் வந்தது 46 வயதில். அதனால் மரபணுச் சோதனை செய்வது நல்லது. பிஆர்சிஏ என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் உங்களுக்கே கூடுதலாக ஒரு மருந்து வழி திறக்கும், மகள் இருந்தால் அவரும் எப்போதிலிருந்து பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று தெரியும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

உங்கள் கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். சிவப்பு நூல்கண்டு ஒன்றை எடுத்து, வலது கண்ணை மூடி இடதால் பாருங்கள், பிறகு மாற்றிப் பாருங்கள். இடது கண்ணுக்குச் சிவப்பு வெளுத்து, செங்கல் நிறமாகத் தெரிந்தால் பார்வை நரம்பு நெருக்கப்படுகிறது என்று அர்த்தம். அன்றே போங்கள், மறுநாள் என்று வைக்காதீர்கள். பார்வை திடீரென்று மங்கினாலும், கண்ணில் பொறுக்க முடியாத வலி வந்தாலும் அப்படியே. முதுகெலும்பில் நோய் இருப்பதால், கால் மரத்துப் போனாலும் பலம் குறைந்தாலும் சிறுநீர் நின்று போனாலும் நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மாத்திரை தொடங்கிய பிறகு காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினால் வீட்டில் பாரசிட்டமால் போட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

இரட்டைப் பார்வைக்கு இன்றே ஒரு வழி: கண்ணாடியின் இடது வில்லையில் உட்பக்கமாக மைக்ரோபோர் டேப்பை ஒட்டிவிடுங்கள். ஒரு கண்ணால் பார்க்கும்போது இரட்டை மறையும், தலை சுற்றலும் குறையும். ஆனால் ஆழம் கணிப்பது பிசகும். படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடியுங்கள், அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை எட்டிப் பிடிக்காதீர்கள், ஸ்கூட்டி ஓட்டாதீர்கள். இயந்திரத்தில் தைக்கலாம், நேர்த் தையலாக, மெதுவாக. ஊசி இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் விரல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டு வேலையை இரண்டு மாதம் வேறு யாரிடமாவது கொடுங்கள், நூலை மருமகள் கோத்துத் தரட்டும்.